மணி அடித்தபின் வரும் வெடி

பெட்டி மட்டையால் செய்த பாலம் அது. இரண்டு கதிரைகளுக்கு நடுவில் கிடந்தது. அதன்மேல் ஒரு கல்லை வைத்தார்கள். தாங்கியது. இரண்டாவது கல்லை வைத்ததும் நடு மடிந்து கீழே விழுந்தது. செய்த பிள்ளைகள் முகம் சுருங்கி நின்றார்கள். ரீச்சர் கை தட்டினார். கேலிக்கு அல்ல. உண்மையாகவே தட்டினார். "விழுந்திட்டுது. நல்லது. எந்த இடம் பலமில்லை எண்டு இப்ப தெரிஞ்சு போச்சு," என்றார். பிறகு வகுப்பு முழுவதும் தட்டியது. நான் அரைச்சுவருக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு வேலையில் லீவு நாள் என்பதால் மகளைக் கூட்டிப் போக வந்திருந்தேன். என் கை பிரேக்கை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். பிழையாகப் போன வேலைக்குக் கை தட்டுகிற ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு இடப்பெயர்வு, முகாம், திரும்பி வரவு. எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அந்த ரீச்சரைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை. அதனால் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. நான் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவள். முகத்துக்குக் கண்ணாடித் தட்டி, நெஞ்சுக்குப் பாரமான அங்கி. முழங்காலில் இருந்து, ஒரு ஆள் அகலப் பாதையில், மண்ணைச் சிறு வாரியால் சுரண்டிச் சுரண்டி முன்னால் போகவேண்டும். பார்த்து முடித்த இடத்துக்கு வெள்ளைத் தடி. பார்க்காத இடத்துக்குச் சிவப்புத் தடி. காற்றில் பறந்த தொப்பி சிவப்புக்கு அப்பால் விழுந்தால் அந்தத் தொப்பியை மறந்துவிட வேண்டும். அந்த வெளியில் 'செய்து பார்ப்பம்' என்று ஒரு பேச்சு இல்லை. வீட்டிலும் பிள்ளையை அப்படித்தான் வளர்த்தேன். பாதையை விட்டு இறங்காதே. கிடக்கிறதைத் தொடாதே. தெரியாததைக் கிளறாதே. எங்கள் பக்கத்தில் சோறு தீத்தும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இது. அதைத் தாய்மார் யாரும் யோசித்துச் சொல்வதில்லை. வாயில் தானாக வரும்.

எங்கள் ஊர் ஆனையிறவுக்குத் தெற்கே, கடல்நீரேரிக் கரையில் இருக்கிறது. நாங்கள் வேலை செய்த வெளி நீருக்கு அந்தப் பக்கம். லொறி உப்பளத்தைச் சுற்றிக்கொண்டு போக அரை மணித்தியாலம் ஆகும். சத்தத்துக்கு அந்தச் சுற்று இல்லை. அது நீருக்கு மேலால் நேரே வந்துவிடும். எடுத்த வெடிகளைச் சேர்த்து வைத்து, மத்தியானத்துக்கு முன்னமோ பின்னமோ ஒரு நேரம் பார்த்து வெடிக்க வைப்போம். கிட்ட இருக்கிற வீடுகளுக்கு ஒலிபெருக்கியில் சொல்வோம். நீருக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்வதில்லை. அவர்களுக்கு ஆபத்து இல்லை என்று கணக்கு.

ஊரில் இருந்து ஆறு பெண்கள் அந்த வேலைக்குப் போனோம். ஆறு பேருக்கும் ஒரே வயதில் ஒரு பிள்ளை, பிறகு ஒரே வகுப்பு. தொடங்கின காலத்தில் அடுத்த ஊர்ப் பெண் ஒருத்தியும் எங்களோடு வந்தாள். அவளுடைய பொடியனுக்கு யாரோ வேலையைச் சொல்லிவிட்டார்கள். அடுத்த நாள் விடிய அவன் லொறிக்கு முன்னால் றோட்டில் படுத்துவிட்டான். இழுத்தும் வரவில்லை. அவள் வேலையை விட்டாள். அன்று லொறிக்குள் இருந்து நாங்கள் ஆறு பேரும் ஒரு முடிவு எடுத்தோம். பிள்ளைகளுக்குக் கச்சான் தோட்டத்தில், நிலக்கடலை பிடுங்குகிற வேலை என்று சொல்வது. எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்வது. உடுப்பை அங்கே போய் மாற்றுவது. மகளுடைய தகப்பன் வேறு குடும்பமாகிப் போய்விட்டார். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வீட்டில் நானும் அவளும்தான். ஆகவே பொய் சொல்ல ஒரு ஆள், நம்ப ஒரு ஆள். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ரீச்சர் வவுனியாவில் இருந்து வந்தவர். இளம் வயது. ஆள் கட்டை. ஊரில் ஒரு வீட்டில் அறை எடுத்து இருந்தார். பின்நேரங்களில் கடை கடையாக ஏறி இறங்கி வெறும் மட்டைப் பெட்டி கேட்பார். பிஸ்கட் பெட்டி, சவர்க்காரப் பெட்டி, எதுவென்றாலும் சரி. சைக்கிள் கரியரில் தலை உயரத்துக்குக் கட்டிக்கொண்டு போவார். கடைக்காரர்கள் 'மட்டை ரீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். அவருக்கும் தெரியும். கோபித்ததில்லை. தமிழும் கணக்கும் படிப்பித்து முடிந்த பிறகு கடைசிப் பாடமாக அவர் ஒன்றைப் படிப்பித்தார். வடிவமைப்புச் சிந்தனை என்று அதற்குப் பெயர். ஏதோ பயிற்சியில் படித்துக்கொண்டு வந்ததாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. 'யோசிக்கிற பாடம்' என்றார்கள். ஒருவருடைய கஷ்டத்தைப் போய்ப் பார்க்கவேண்டும். அவரிடம் கேட்கவேண்டும். அதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்து, மட்டையிலோ தகரப் பேணியிலோ செய்து, பாவித்துப் பார்க்கவேண்டும். சரிவராவிட்டால் கிழித்துவிட்டு வேறு செய்யவேண்டும். பாடம் அவ்வளவுதான்.

அந்தப் பாடம் வீட்டுக்கு வந்தது. மகள் எதற்கும் ஏன் என்று கேட்கத் தொடங்கினாள். முன்னம் கேட்காத பிள்ளை. ஒரு நாள் சோறு சாப்பிட்டுக்கொண்டு இருந்தவள், நான் கிணற்றடிக்குப் போகும்போது ஏன் எப்போதும் வேலியோரத்தால் சுற்றிப் போகிறேன், நேரே போனால் கிட்டத்தானே என்று கேட்டாள். பழக்கம் என்றேன். ஏன் பழக்கம் என்றாள். பேசாமல் சாப்பிடு என்றேன்.

"ரீச்சர் சொன்னவா, பேசாமல் சாப்பிடு எண்டு ஆரும் சொன்னால் அங்கதான் ஏதோ இருக்காம்," என்றாள்.

கிணற்றடிக்கு நான் ஒரே கோட்டில் போகிறேன் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. முற்றத்தை எட்டிப் பார்த்தேன். வேலியோரத்தில் ஒரு தடம் தேய்ந்து கிடந்தது. மற்ற இடமெல்லாம் புல். என் சொந்த வளவில், நானே வெட்டித் துப்புரவாக்கின நிலத்தில், நான் வெள்ளைத் தடிக்குள் நடந்திருக்கிறேன்.

அடுத்த லீவு நாளில் ரீச்சரைப் பார்க்கப் போனேன். பள்ளிக்கூடம் விட்டிருந்தது. மட்டைத் துண்டுகளைக் கூட்டிக்கொண்டு நின்றார். பிள்ளைகளின் குட்டிக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை. பிள்ளைக்குப் பிழை விடப் பழக்காதேங்கோ ரீச்சர் என்றேன். ஏனக்கா என்றார். பிழை விட்டால் பிறகு திருத்தலாம் என்று பிள்ளை நினைத்துவிடும், எல்லாவற்றையும் திருத்த முடியாது என்றேன். அவர் கூட்டுமாற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றார். கேட்டுவிட்டுக் காத்திருப்பது அவருடைய பழக்கம். நான் என் வேலையைச் சொல்லிவிட்டேன். வெளியாள் ஒருவருக்கு அதைச் சொன்னது அதுதான் முதல் தரம். ரீச்சர் கூட்டுமாற்றை மெல்லச் சுவரில் சாத்தினார். அப்படி வேலை செய்கிற பெண்கள் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். தன் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார் என்று தெரியாது.

"நீங்கள் அந்த வேலை பழகேக்க ஒருக்காலும் பிழை விடேல்லையா அக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பிறகு ஞாபகம் வந்தது. பயிற்சி வெளி. பொய் வெடிகளை மண்ணில் தாட்டு வைத்திருப்பார்கள். வாரி பிழையாகப் பட்டால் 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். முதல் நாள் எனக்கு அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பழக்கினவர் நல்ல பகிடிக்காரன். "அக்கா, சாப்பாட்டுக்கு முன்னமே நாலு தரம் செத்திட்டீங்கள். போய்ச் சாப்பிட்டிட்டு வந்து மிச்சத்தைச் சாவுங்கோ," என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதை முழுக்க மறந்திருந்தேன். ரீச்சரிடம் சொன்னேன். அவர் சிரிக்கப் போய் இடையில் நிறுத்திக்கொண்டார். தரையில் கிடந்த மட்டைத் துண்டுகளைக் காலால் ஒரு பக்கம் ஒதுக்கினார். "இதுவும் அந்த 'டப்' மாதிரித்தான் அக்கா. இங்க ஒருத்தருக்கும் காயம் வராது," என்றார்.

போக எழும்பும்போது மகளுக்குத் தெரியக்கூடாது என்றேன். எப்போது இருந்தேன் என்று ஞாபகம் இல்லை. அந்தக் குட்டிக் கதிரையில்தான் இருந்திருக்கிறேன். தான் சொல்லமாட்டேன் என்றார் ரீச்சர். ஆனால் பிள்ளை நேரே கேட்டால் பொய்யும் சொல்லமாட்டேன் என்றார். அது எனக்குப் பயமாக இருந்தது. என்றாலும் அதில் பிழை சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு கிழமை பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார். வீட்டில் ஒரு ஆளைப் பார்க்கவேண்டும். கேள்வி கேட்கக்கூடாது. பார்க்கமட்டும்தான். அவர் வாயால் சொல்லாத ஒரு கஷ்டத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். மகள் என்னைப் பார்த்தாள். நான் சோறு வடிக்கும்போது குசினி வாசலில் நிற்பாள். கால் கழுவும்போது பக்கத்தில் குந்தியிருப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். கேட்டிருந்தால் பரவாயில்லை போல் இருந்தது. பக்கத்துவீட்டு அக்காவும் எங்கள் ஆறு பேரில் ஒருவர். அவருடைய மகனும் அதே வகுப்பு. லொறிக்குள் அவர் சொன்னார்: "என்ர பொடியன் நான் பல்லுத் தீட்டுறதையும் பாத்துக்கொண்டு நிக்கிறான். இனிப் பொலிஸ் மாதிரி ஸ்ரேற்மென்ற் எடுக்கிறதுதான் மிச்சம்." எல்லோரும் சிரித்தார்கள். நான் கையைப் பார்த்தேன். கச்சான் தோட்டத்தில் வேலை செய்கிறவளின் கை இப்படி இருக்காது என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. கையுறை போட்டு வேலை செய்த கை. உள்ளங்கை பிள்ளையின் கைபோல் இருந்தது.

பெற்றோர் கூட்டம் ஒரு சனிக்கிழமை நடந்தது. மண்டபத்தில் பெற்றோர் இருக்க நீள வாங்குகள் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் தாங்கள் செய்ததைக் காட்டினார்கள். ஒரு பொடியன் தகப்பனைப் பார்த்திருக்கிறான். அவர் சைக்கிளில் மீன் விற்கிறவர். பெட்டியில் இருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகி அவருடைய பின்பக்கம் நாள் முழுக்க நனைந்திருக்கும். பேணியை வெட்டித் தண்ணீர் ஒரு பக்கமாக வழிய ஒரு பீலி செய்து கொண்டுவந்திருந்தான். "என்ர களுசான் கதையை ஊருக்கே சொல்லிப்போட்டானே," என்று தகப்பன் தலையில் கை வைத்தார். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தபடி இருக்கத்தான் என் மகளின் குழு முன்னால் வந்தது. ஆறு பிள்ளைகள். பக்கத்துவீட்டு அக்கா என் தொடையில் கிள்ளினார். எங்கள் ஆறு பேரின் பிள்ளைகளும்தான். வேறு ஒரு பிள்ளையும் இல்லை.

மகள் முதலில் இரண்டு றப்பர்த் துண்டுகளைத் தூக்கிக் காட்டினாள். பழைய செருப்பை வெட்டிச் சைக்கிள் ரியூப்பால் கட்டியிருந்தது. முழங்காலுக்குப் போடுவது. தங்களுடைய அம்மாமாரின் முழங்கால்கள் கறுத்துக் காய்த்துப்போய் இருக்கின்றன, அதைப் பார்த்து இதைச் செய்தோம் என்றாள். என் கை தானாக முழங்காலுக்குப் போனது. ஆனால் இது சரியான மறுமொழி இல்லை என்று அவள் தொடர்ந்தாள். இது உண்மையாக யாருடைய கஷ்டம் என்று ரீச்சர் கேட்டாவாம். அம்மாமார் முழங்கால் நோகுது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கஷ்டம் தங்களுக்குத்தான் என்று பிறகு கண்டுபிடித்தார்களாம்.

"என்ன கஷ்டம் பிள்ளை?" என்று பள்ளிக்கூட அதிபர் கேட்டார்.

"பள்ளிக்கூடத்தில இருக்கேக்க அங்கால வெடிச்சத்தம் கேக்கும் சேர். எங்களுக்குத் தெரியிறேல்லை."

"என்ன தெரியிறேல்லை?"

"அது அம்மா வெடிக்க வைச்சதோ, அம்மாவுக்கு வெடிச்சதோ எண்டு."

மகள் என்னைப் பார்க்கவில்லை. பாடம் ஒப்புவிப்பதுபோல் முன்னால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எப்போதிருந்து தெரியும் என்று பக்கத்துவீட்டு அக்கா இருந்த இடத்திலிருந்தே மகனைக் கேட்டார். முதலாம் வகுப்பில் இருந்து என்றான். லொறிக்குள் சிவப்புத் தடி கிடந்ததாம். கச்சான் தோட்டத்துக்குப் போகிறவர்கள் ஒரு நாளாவது ஒரு பிடி கச்சான் கொண்டுவரவில்லையாம். அவன் இதைச் சொன்னபோது யாரோ சிரித்து, பிறகு நிறுத்தினார்கள். ஏனடா சொல்லவில்லை என்று தாய் கேட்டார். அவன் ரீச்சரைப் பார்த்தான். ரீச்சர் தலையசைத்தார்.

"எங்களுக்குத் தெரியுமெண்டு தெரிஞ்சால் நீங்கள் அழுவீங்கள். பிறகு அங்க போய்க் கை பிழையாப் படும்," என்றான்.

ஆறு பெண்கள் லொறிக்குள் இருந்து ஒரு முடிவு எடுத்தோம். ஆறு பிள்ளைகள் எங்கேயோ இருந்து அதே முடிவை எடுத்திருக்கிறார்கள். எங்களுடையதைவிட நன்றாகக் காத்திருக்கிறார்கள். இவ்வளவு காலமும் நான் பின்நேரம் வந்து இறங்கும்போது மகள் கேட்பாள், கச்சானுக்குத் தண்ணி விட்டீங்களா அம்மா என்று. நான் ஓம் என்பேன். அவள் சரி என்பாள்.

அவர்கள் செய்ததைப் பிறகு காட்டினார்கள். வெடிக்க வைக்கும் முன் எங்கள் வெளியில் இருந்து பள்ளிக்கூடத்துக்குப் போன் எடுக்கவேண்டும். பள்ளிக்கூடம் அதைப் பிள்ளைகளுக்குத் தெரியப்படுத்தவேண்டும். முதலில் தண்ணீர்த் தாங்கியில் கொடி கட்டிப் பார்த்தார்களாம். வகுப்புக்குள் இருந்து தெரியவில்லை. மணியை அடித்துப் பார்த்தார்கள். முதலாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டன. ஒன்று கேற்றைத் தாண்டிக் கடை வரைக்கும் போய்விட்டதாம். அதை ரீச்சர் சொன்னபோது மண்டபம் மெல்ல மூச்சு விட்டது. கடைசியில் இடைவெளி விட்டு மூன்று தரம் மெதுவாக அடிப்பது என்று வந்தது. அதன் பிறகு கேட்கிற வெடி, அம்மாமார் வெடிக்க வைக்கிற வெடி.

கூட்டம் முடிந்து ரீச்சரிடம் போனேன். நீங்கள் சொன்னீங்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவரே சொன்னார். ஒரு நாள் கணக்குப் பாடத்தில் வெடிச்சத்தம் கேட்டதாம். மற்றப் பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஆறு பென்சில் மட்டும் நின்றது. திரும்ப எழுதத் தொடங்க வெகுநேரம் பிடித்தது. அந்த ஆறு பேரையும் ஒரு குழுவாகப் போட்டது மட்டும்தான் தன் வேலை என்றார். அவருக்கும் கண் சிவந்து போயிருந்தது.

எங்கள் சுப்பவைசர் சட்டதிட்டக்காரன். போன் விஷயத்தைச் சொன்னபோது, நடைமுறையில் அப்படி ஒன்று இல்லை என்றார். நானும் அக்காவும் வற்புறுத்தவில்லை. ஒருக்கால் பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகளிடம் அதைச் சொல்லுங்கோ என்று மட்டும் கேட்டோம். வந்தார். அவரையும் குட்டிக் கதிரையில் இருத்தினார்கள். கிட்ட இருக்கிற வீடுகளுக்கு ஏன் சொல்கிறீர்கள் என்று என் மகள் கேட்டாள். பயப்படாமல் இருக்க என்றார். அப்போது பயப்படுகிற ஆட்களுக்குச் சொல்வதா, கிட்ட இருக்கிற ஆட்களுக்குச் சொல்வதா என்றாள். சுப்பவைசர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். வெளியே வந்து என்னிடம், "உங்கட பிள்ளையை வெளிக்குள்ள விட்டால் எனக்கு வேலை இல்லை அக்கா," என்றார். அடுத்த கிழமையில் இருந்து, வெடிக்க வைக்கும் முன் அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பார். மறுபக்கம் மணி அடித்தது என்று அதிபர் சொல்லுமட்டும் பொத்தானில் கை வைக்கமாட்டார். சில நாள் சிக்னல் இராது. நாங்கள் எல்லோரும் வெயிலில் காத்து நிற்போம். ஒருவரும் முணுமுணுத்ததில்லை.

எனக்கு மட்டும் ஒன்று மனதில் கிடந்து அரித்தது. முன்னம் எந்தச் சத்தம் கேட்டாலும் பிள்ளைகளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சந்தேகத்துக்குள் கொஞ்சம் நம்பிக்கையும் இருந்தது. இனி மணி அடிக்காமல் சத்தம் வந்தால் அதற்கு ஒரு அர்த்தம்தான். இதை ரீச்சரிடம் சொன்னேன். அந்தக் கேள்வியைத் தானும் பிள்ளைகளிடம் கேட்டதாகச் சொன்னார். எதைச் செய்தாலும் அது எந்த இடத்தில் உடையும் என்று கேட்பது அவருடைய வழக்கம். என்ன சொன்னார்கள் என்றேன். "அதைத் தாங்கள் பாத்துக்கொள்ளுவினமாம் அக்கா. அதுக்கு மேல எனக்கும் சொல்லேல்லை," என்றார்.

ரீச்சர் இப்போது இங்கே இல்லை. மாற்றம் கிடைத்துத் தன் ஊருக்குப் போய்விட்டார். அந்த வெளியும் முடிந்துவிட்டது. சிவப்புத் தடிகளைப் பிடுங்கிக் கட்டுக் கட்டாக ஏற்றினோம். இப்போது அங்கே வீடுகள் வந்திருக்கின்றன. ஒரு வளவில் கச்சான் போட்டிருக்கிறார்கள். மகள் பெரிய வகுப்பில் படிக்கிறாள். நான் முற்றத்தில் இப்போது நேரே நடக்கிறேன், நினைவு வைத்துத்தான். இதையெல்லாம் ஆற அமர யோசிக்கிறபோது எந்த வழியால் போனாலும் ஒரு நாளில் போய்த்தான் நிற்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

காலை நேரம். நாங்கள் வேலையில் இருந்தோம். வெடிக்க வைக்க எதுவும் அன்று சேரவில்லை. திடீரென்று ஒரு சத்தம். பெரியது. நிலம் ஒருக்கால் தட்டியது. விசில் ஊதினார்கள். எல்லோரும் இருந்த இடத்தில் அப்படியே நின்றோம். சுப்பவைசர் பெயர் பெயராகக் கூப்பிட்டார். ஒவ்வொருவராக ஓம் சொன்னோம். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. வெளிக்கு அருகே நீரேரிக் கரையில் புகை எழும்பியது. அங்கே யாரோ பற்றைக்கு நெருப்பு வைத்திருக்கிறார்கள். அதற்குள் கிடந்த பழைய ஷெல் சூடேறி வெடித்திருக்கிறது. நெருப்பு வைத்தவரும் தூரத்தில் நின்றதால் தப்பிவிட்டார். எங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நீருக்கு இந்தப் பக்கம், பள்ளிக்கூடத்தில், விளங்கியிருக்காது. மணி அடிக்கவில்லை. சுப்பவைசர் அதிபருக்குப் போன் எடுத்தார். கிடைக்கவில்லை. திரும்ப எடுத்தார். கிடைக்கவில்லை. வேலை நேரத்தில் ஒருவரும் வெளியைவிட்டுப் போகக்கூடாது என்பது சட்டம். அவர் பிக்கப் சாரதியைக் கூப்பிட்டார். "ஒராள் போங்கோ," என்றார். பக்கத்துவீட்டு அக்கா என்னைத் தள்ளிவிட்டார். அங்கியைக் கழற்ற நேரமில்லை. அப்படியே ஏறினேன்.

உப்பளத்தைச் சுற்றிக்கொண்டு போகிற அந்த றோட்டு அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. சத்தம் சில நொடியில் போய்ச் சேர்ந்திருக்கும். அதற்குப் பின்னால் அரை மணித்தியாலம் பிந்தி நான் போகிறேன்.

வகுப்பு அமைதியாக இருந்தது. மற்றப் பிள்ளைகளை அடுத்த வகுப்புக்கு அனுப்பியிருந்தார்கள். நடுவில் ஒரு வாங்கு. அதில் ஆறு பேரும் நெருக்கி இருந்தார்கள். ஒருவரும் அழவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள். ரீச்சர் அவர்களுக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். நான் வாசலில் நின்றேன். ஆறு முகமும் திரும்பின. மகள் என்னைத் தலையில் இருந்து கால் வரைக்கும் பார்த்தாள். ஓடி வருவாள் என்று கையை நீட்டினேன். அவள் எழும்பவில்லை.

"எழும்பமாட்டினம் அக்கா," என்றார் ரீச்சர். "எனக்கும் இப்பதான் சொன்னவை. மணி அடியாமல் வெடிச்சால் எல்லாரும் ஒரே வாங்கில இருக்கிறதாம். ஒராளின்ர அம்மா வந்தாலும் அந்தப் பிள்ளை எழும்பக்கூடாதாம். எல்லாற்ற அம்மாவைப் பற்றியும் தெரியுமட்டும்."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். எட்டு வயதுப் பிள்ளைகள். இதையும் யோசித்து, ஒத்திகை பார்த்து, எங்கள் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்கள். "எல்லாரும் இருக்கினம்," என்றேன். ஒருவரும் அசையவில்லை. அப்படி மொத்தமாகச் சொன்னால் போதாது என்று அவர்களுடைய முகத்தில் இருந்து விளங்கியது.

ஓரத்தில் இருந்த அக்காவின் மகன் முதலில் கேட்டான். "என்ர அம்மா?"

"இருக்கிறா."

அடுத்த பிள்ளை கேட்டாள். இருக்கிறா என்றேன். அடுத்தவன் கேட்டான். இருக்கிறா என்றேன். வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். நான் ஒவ்வொருவருக்கும் அவரவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். கடைசியில் என் மகள் இருந்தாள். நான் அவளுக்கு முன்னால்தான் நின்றேன். அங்கியும் தூசியுமாக, கை எட்டுகிற தூரத்தில் நின்றேன். அவள் தன் முறை வருமட்டும் காத்திருந்தாள்.

"நீங்கள் அம்மா?" என்றாள்.

"இருக்கிறன்," என்றேன்.

பிறகுதான் எழும்பினார்கள்.